திரும்பி வந்த பெயர்கள்: வடசென்னையில் பள்ளி திறப்பும் பள்ளிப் பற்றும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் காலை எட்டரை மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் கால்சட்டையில், கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடு தெரியும். புதுச் சீருடை கைக்கு வரும்வரை, போன வருடத்துக் கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து இறக்கி விட்டிருப்பார்கள். மடிப்புக்குள் வெயில் படாமல் கிடந்த இரண்டு விரற்கடைத் துணி மட்டும் நிறம் மாறாமல் இருக்கும். அதற்கு மேலே எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்திருக்கும். அந்த இரண்டு விரற்கடை, பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்த அளவு. முந்தைய நாள் இரவு பிளேடை வைத்துத் தையலைப் பிரித்துக்கொண்டு யாரோ ஒரு அம்மா விழித்திருந்தாள் என்பதற்கும் அதுவே சாட்சி.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றின் இடுக்கில் புகுந்து பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் சத்தம் இரட்டிப்பாகிறது. யார் எந்த செக்ஷன், யாருக்கு எந்த மிஸ் என்று கேட்டுக்கொண்டு கழுத்தில் கை போட்டபடி நடக்கிறார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து வகுப்புக்குள் போனதும் வருகைப் பதிவு தொடங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுகிறது. நடுவில் ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. ஆசிரியர் இரண்டாம் முறை கூப்பிடுகிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொல்கிறான்: "அவன் வேலைக்குப் போயிட்டான் மிஸ்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலில்லாத பெயரைப் பற்றியது. பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளின் உற்சாகத்தைப் பற்றி எழுதும்போது, பாட்டும் கைத்தட்டலும் ஆண்டு விழாவும் நினைவுக்கு வருவது இயல்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரத் தொழிற்பகுதியில் அந்த உற்சாகத்துக்கு ஒரு விலை உண்டு. இங்கே பள்ளி திறப்பு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வருவதில்லை. மழைக்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நோய்க்கும் பிறகு, மறுபடி மறுபடி பள்ளி திறக்கிறது. ஒவ்வொரு திறப்பிலும் சிலர் வராமல் போகிறார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை வரவைப்பது எது என்று தேடினால் பள்ளிப் பற்று என்பதன் அடிவேர் தட்டுப்படும். வராத நாளில் தேடப்பட்ட பிள்ளைக்குத்தான் "எங்க ஸ்கூலு" என்று சொல்ல வாய் வரும். முதலில் பள்ளி பிள்ளையின் மீது பற்று வைக்க வேண்டும். பிள்ளை காட்டுவது அதற்கான மறுமொழி.

ஜூன் மாதத்துக் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலத்தைக் காக்க வந்த இந்தத் தடை முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்களானது. இந்த நாட்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் எஞ்சின் பிரித்துப் பார்ப்பதும் நடக்கும். படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைப்பவர், மீன் கூடை சுமப்பவர், ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள் என்று துறைமுகத்தை நம்பிய அத்தனை வீடுகளிலும் வரவு சுருங்கிவிடும். ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும் அவை கரையோரத்திலேயே தொழில் செய்பவை. ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இரண்டு மாத வீட்டுச் செலவுக்கு அது எந்த மூலைக்கு?

பள்ளி திறப்பதோ ஜூன் முதல் அல்லது இரண்டாம் வாரத்தில். 2025-இல் ஜூன் 2-ஆம் தேதி திறந்தது. வெயில் கடுமையாக இருந்த 2023-இல் 12-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. எப்படிப் பார்த்தாலும் தடைக்காலம் முடிவதற்கு முன்பே பள்ளி மணி அடித்துவிடுகிறது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் தவணைக் கட்டணம், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு டியூஷன் பணம் என்று கேட்கும் நேரத்தில்தான் கையில் காசு இருக்காது. அடகுக் கடையில் மூக்குத்தியும் கம்மலும் இந்தப் பருவத்தில் நிறைய வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிக் கல்வித் துறையின் நாட்காட்டியும் மீன்வளத் துறையின் நாட்காட்டியும் வெவ்வேறு மேசைகளில் தயாராகின்றன. காசிமேட்டு வீட்டில் இரண்டும் ஒரே சுவரில் தொங்குகின்றன. ஜூன் முதல் வாரத்தில் வராத பையன் பெரும்பாலும் படிப்பை வெறுத்தவனாக இருக்க மாட்டான். தடை முடிந்து முதல் படகு கடலுக்குப் போகும்வரை ஏதாவது ஒரு பட்டறையில் கையாளாக நிற்பான். அந்தப் பத்து நாள் ஒரு மாதமாகலாம். ஒரு மாதத்துக்குப் பிறகு வகுப்புக்குள் நுழைவதற்கு ஒரு கூச்சம் வந்துவிடும். அந்தக் கூச்சத்தைத் தாண்ட அவனுக்குக் கைகொடுக்க யாராவது இருந்தால் திரும்புவான்.

ஓரணாவில் தொடங்கிய வரவேற்பு

பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் பிள்ளையிடம் இல்லை என்பதை நூறாண்டுக்கு முன்பே கண்டவர் வடசென்னைக்காரர் ஒருவர். பழைய வண்ணாரப்பேட்டையோடு வாழ்க்கை பிணைந்த பிட்டி தியாகராயர், நெசவுத் தொழிலில் ஈடுபட்டவர்; நீதிக்கட்சியின் முன்னோடித் தலைவர். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பது. செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23-இல் 811 பேர் படித்தார்கள். 1924–25-இல் எண்ணிக்கை 1,671. இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் செலவைக் காரணம் காட்டி அன்றைய அரசு அதை நிறுத்தியது. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலத் திட்டமாக மறுபடி உயிர் பெற்றது.

811, 1,671 என்ற இரண்டு எண்களையும் ஒரு பள்ளி வாசலில் நின்று யோசிக்க வேண்டும். கூடுதலாக வந்த 860 பிள்ளைகளும் திடீரென்று படிப்பில் ஆசை கொண்டவர்கள் அல்லர். அவர்களுடைய பசியைத் தன் பொறுப்பாக ஒரு பள்ளி ஏற்றுக்கொண்டது, அவர்கள் வந்தார்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் தருக்கமும் இதுவே. விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும் தாயும் முதல் ஷிஃப்டுக்குப் போகும் தகப்பனும் உள்ள பகுதியில், பள்ளியில் கிடைக்கும் சூடான உப்புமா 'உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்' என்பதன் இன்னொரு வடிவம். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படிப்பை விடும் ஆபத்து அதிகரிக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் அந்தத் தட்டு இல்லை.

தியாகராயரின் பெயரை இன்று தென்சென்னையின் தி.நகர் எல்லோருக்கும் நினைவூட்டுகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி இருக்கிறது. வடசென்னைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இவருடைய கதை. பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது என்ற எண்ணம் இந்தப் பகுதியின் மனிதர் ஒருவர் தலைமையில் நடைமுறைக்கு வந்தது என்பதைவிடப் பெருமைப்பட வேறென்ன வேண்டும்?

ஒன்றரை ஆண்டு மூடிய கதவு

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த மே மாதத்தில் சென்னை மாநகராட்சி மண்டலங்களில் கொரோனாத் தொற்று மிக அதிகமாக இருந்தது ராயபுரத்தில். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்று வாழும் தெருக்களில் தகரம் அடித்து அடைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். கல்வித் தொலைக்காட்சி ஓடியது. பார்க்கிற பிள்ளையிடம் 'புரிந்ததா' என்று கேட்க ஆளில்லை.

2021 ஜனவரி 19-இல் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் சேர்ந்தன. மார்ச்சில் இரண்டாம் அலை மறுபடி கதவைச் சாத்தியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதிதான் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகள் வாசலில் காய்ச்சல் கருவிக்கு நெற்றியைக் காட்டி, முகக்கவசத்தோடு, ஒரு வகுப்புக்கு இருபது பேராக உள்ளே போனார்கள். நவம்பர் 1-இல் சிறு வகுப்புகள் திறந்தன. பல பள்ளிகளில் பூவும் இனிப்பும் கொடுத்து வரவேற்றார்கள். பாதி முகம் மூடியிருந்தாலும் அன்று பிள்ளைகளின் கண்களில் இருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குரல் உடைந்து, அரும்பு மீசை முளைத்து, ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளச் சிரமப்பட்ட நண்பர்கள். பள்ளிக்கூடம் என்பது கூட்டாளிகளைப் பார்க்கும் இடம் என்ற எளிய உண்மையை, ஒன்றரை ஆண்டு அது இல்லாமல் இருந்துதான் நாம் கற்றோம்.

இழந்தது எவ்வளவு என்பதை ஆய்வுகள் அளந்தன. 2021-இல் பொருளியலாளர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் தமிழ்நாட்டையும் சேர்த்து 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் கணக்கெடுத்தார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 37 சதவீதத்தினர் படிக்கவே இல்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னும் நுட்பமான ஒரு ஆய்வு உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் ஊரகத் தமிழ்நாட்டின் சுமார் 19,000 சிறுபிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். கற்றலில் பெரும் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருவிலேயே நடந்த வகுப்புகள் அவை. நடத்திய சுமார் 2 லட்சம் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள்.

ஆய்வு நடந்தது கிராமங்களில். அதில் சோதிக்கப்பட்டவர்கள் சிறுபிள்ளைகள். இருந்தாலும் அது சொல்லும் பாடம் திருவொற்றியூருக்கும் பொருந்தும். திரும்பி வந்த பிள்ளை வேகமாக மீண்டுவிடுகிறது. வராத பிள்ளைக்குத்தான் இழப்பு நிலைத்துவிடுகிறது.

வராதவர்கள் எத்தனை பேர் என்பது 2023 மார்ச் 13 அன்று வெளிப்பட்டது. பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. இவர்கள் யார்? 2020–21-இல் பத்தாம் வகுப்பில் இருந்து, தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற அணியினர். இடையில் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள்; சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பதிவேட்டில் உட்கார்ந்திருந்தது. செயலியில் வருகை பதிவாகும் காலத்தில், கல்வி மேலாண்மைத் தகவல் மையத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உண்டு. எண்ணுக்கு உரிய பிள்ளை எங்கே என்று எண் சொல்லாது. பக்கத்து பெஞ்சில் இருந்தவன் சொல்வான். "அவன் வேலைக்குப் போயிட்டான் மிஸ்" என்ற அந்த வாக்கியத்தை மூன்று ஆண்டுகளாக எத்தனை வகுப்பறைகள் கேட்டிருக்கும்! கேட்டதும் எழுந்து அந்த வீட்டுக்குப் போன ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களால் எத்தனை பெயர்களுக்குக் குரல் திரும்பியது என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

எண்ணூரின் டிசம்பர்

2023 டிசம்பர் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் போனது என்று வரிசையாகப் பார்க்கலாம். 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. அந்த வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கருப்பாக ஒரு பட்டை. படகு, வலை, பாய், பாத்திரம், புத்தகப் பை எல்லாவற்றிலும் பிசுக்கு. தண்ணீரில் நனைந்த நோட்டைக் காயவைத்துப் பயன்படுத்தலாம். எண்ணெயில் நனைந்த நோட்டின் தாள்கள் ஒட்டிக்கொண்டுவிடும். பிரித்தால் எழுத்து இருக்காது. ஒரு வாரம் மூடியிருந்த பள்ளிகள் 11-ஆம் தேதி திறந்தன. அரையாண்டுத் தேர்வு 13-ஆம் தேதி தொடங்கியது. புத்தகம் இழந்தவர்களுக்குப் புதுப் புத்தகம் தர அரசு ஏற்பாடு செய்தது. ஆறு மாதம் கைப்பட எழுதிய குறிப்பை எந்த அரசாலும் திருப்பித் தர முடியாது. அதைப் பக்கத்து பெஞ்சுக்காரியின் நோட்டுதான் ஈடு செய்யும்.

தேர்வு முடிந்து விடுமுறை. 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். சில நாட்களில் புத்தாண்டு பிறந்தது. ஜனவரியில் மூன்றாம் பருவத்துக்குப் பள்ளி திறந்தது. ஒரே மாதத்துக்குள் வெள்ளம், எண்ணெய், தேர்வு, வாயு, மறுபடி பள்ளி.

அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 25-இல், திருவொற்றியூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏதோ ஒரு நெடி பரவி மாணவிகள் பலர் மயங்கி விழுந்தார்கள். பள்ளி மூடப்பட்டது. தீபாவளி முடிந்து நவம்பர் 4-இல் திறந்த அன்றே மறுபடியும் சிலர் மயங்கினார்கள், மறுபடி மூடினார்கள். மற்ற ஊர்களில் பள்ளிக்குத் திரும்புவது என்றால் விடுமுறைச் சோம்பலை உதறுவது. இங்கே அது சில சமயம் மூச்சை நம்பி உள்ளே போவது.

இவ்வளவுக்குப் பிறகும் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் சாம்பல் குட்டைகளுக்கும் நடுவே உள்ள பள்ளிகளில் மணி அடித்தால் பிள்ளைகள் வருகிறார்கள். அறிவியல் பாடத்தில் அமோனியாவின் வாய்பாட்டை எழுதும்போது எண்ணூர்ப் பிள்ளைக்கு அதன் நெடி தெரியும். சதுப்புநிலமும் அலையாத்தியும் பாடமாக வரும்போது, இறால் தடவிப் பிடிக்கும் தன் தாத்தாவின் ஆறு அது என்று தெரியும். அந்தப் பிள்ளையை எழுந்து நின்று பேசச் சொன்னால் வகுப்பே அவள் பக்கம் திரும்பும். தன் ஊரைப் பற்றித் தான் அறிந்தது பள்ளியில் மதிக்கப்படுகிறது என்று உணரும் நொடியில் அந்தப் பள்ளி அவளுடையதாகிவிடுகிறது.

கெத்து

வடசென்னையில் 'கெத்து' என்று ஒரு சொல் உண்டு. தலை நிமிர்த்தி நடக்க வைக்கும் ஏதோ ஒன்று. பதினான்கு வயதில் ஒரு பையன் தேடுவது அதைத்தான். அதை யார் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் போவான்.

பள்ளி கொடுக்கத் தவறும்போது எங்கே போகிறான் என்பதைச் சென்னை நன்றாக அறியும். மாநகரப் பேருந்துகளிலும் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலிலும், ஒரு வழித்தடத்து மாணவர்களுக்கு ஒருவன் தலைவனாக இருக்கும் 'ரூட்டு தல' கலாசாரம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எந்தக் கல்லூரி என்பதோடு எந்த ரூட்டு என்பதும் அடையாளம். 2019 ஜூனில் 'பஸ் டே' கொண்டாட்டத்தில் பேருந்துக் கூரையில் இருந்த மாணவர்கள் கொத்தாகச் சரிந்து சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். இந்த வன்முறையை எந்தச் சொல்லாலும் மென்மையாக்க முடியாது. ஆனால் அதன் அடியில் இருக்கும் பசியைப் பார்க்க வேண்டும். அந்தப் பசி பேருந்தில் தொங்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனிடமே தொடங்கிவிடுகிறது. 'நான் இன்னாருடைய ஆள்' என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டும். பள்ளி அந்த இடத்தைக் கொடுத்திருந்தால் ரூட்டுக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது.

கொடுத்துப் பார்த்தவர்கள் இந்தப் பகுதியிலேயே இருக்கிறார்கள். வியாசர்பாடியில் 1997-இல் தொடங்கப்பட்ட ஒரு விளையாட்டு அமைப்பு, கால்பந்தைப் படிப்போடு முடிச்சுப் போட்டது. மாலையில் மைதானம், அதன் பிறகு டியூஷன். பந்து ஆடப் பிள்ளை தானாக வரும். வந்த பிள்ளையைப் பள்ளியில் தங்க வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் கேரம் பலகையின் முன் வளர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றபோது அந்தத் தெருவின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு அங்குலம் உயரம் கூடியது. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் பறையும் கானாவும் கரகமும் மேடை ஏறுகின்றன. தெருவில் 'ரௌடிப் பாட்டு' என்று ஒதுக்கப்பட்டதைப் பள்ளிக்கூடத்தின் பெயரோடு சேர்த்து ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது, பையனுக்கும் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் கெத்து கிடைக்கிறது.

உளவியல் இதற்குக் கருவியே வைத்திருக்கிறது. மாணவர் பள்ளியில் தன்னை ஒருவராக உணர்கிறாரா என்பதை அளக்க, 1993-இல் அமெரிக்க ஆய்வாளர் கரோல் குட்நவ் 18 கூற்றுகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். தன் திறமையை அங்கே யாரேனும் கவனிக்கிறார்களா, ஆசிரியர்களில் ஒருவராவது தன்னிடம் அக்கறை காட்டுகிறாரா, தான் தானாகவே இருக்க முடிகிறதா என்ற வகைக் கேள்விகள். கொடி, பாட்டு, சீருடை பற்றிய கேள்விகள் அதன் மையத்தில் இல்லை. கவனிக்கப்படுவதுதான் மையம்.

யாழ்ப்பாணத்தின் பெரும்போர்

தமிழ் உலகில் பள்ளிப் பற்று உச்சத்தில் தெரிய வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். 1816-இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1823-இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் கிரிக்கெட் போட்டிக்கு 'வடக்கின் பெரும்போர்' என்று பெயர். பெயரில் கல்லூரி என்றாலும் இரண்டும் பள்ளிக்கூடங்கள். போட்டி நாட்களில் மைதானம் கொடியும் பாண்ட் வாத்தியமும் ஆட்டமுமாக இருக்கும். உள்நாட்டுப் போர் சில ஆண்டுகள் அதைத் தடுத்தது. போர் ஓய்ந்ததும் மறுபடி ஆடினார்கள். நாட்டை விட்டுச் சிதறியவர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் முதலில் அமைத்தவற்றில் பழைய மாணவர் சங்கங்களும் உண்டு. வீடு இடிந்தது, ஊர் காலியானது. பள்ளியின் பெயர் மட்டும் அவர்கள் கையோடு போனது. திரும்பிப் போக வழியில்லாதவர்களுக்குத் திரும்பிப் போகும் இடமாகப் பள்ளி இருந்தது.

அங்கே அந்தப் பற்றுக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் சொத்தும் மதிப்பும் இருந்தன. வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை, எங்கே படிக்கிறாய் என்று உறவினர் கேட்டால் குரலைத் தாழ்த்தி 'கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தான். அந்தக் குரல் இப்போது உயரத் தொடங்கியிருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள் 'சென்னைப் பள்ளி' என்று பெயர் மாறின. 2011-இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னையோடு இணைந்தும், அங்கிருந்த அரசுப் பள்ளிகள் நெடுநாள் மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. பிறகு, இணைக்கப்பட்ட பகுதிகளின் 139 பள்ளிகள் மாநகராட்சி வசம் வந்தன. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ராயபுரம் பிள்ளைக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் போகும் இடமாக மட்டுமே இருந்தது; படிக்கப் போகும் இடமாகவும் அதைக் கனவு காண ஒரு கதவு திறந்தது. 2022 செப்டம்பர் 5-இல், அதே வட்டாரத்தின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். சொல்லக் கூசிய பள்ளியின் பெயர், ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் தகுதிச் சான்றாகிவிட்டது.

பழைய மாணவர்களும் திரும்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒன்று சேர்ந்து, 'இந்த வருட பேட்ச்' என்று டி-சர்ட் அடித்து, ஓய்வு பெற்ற ஆசிரியருக்குச் சால்வை போர்த்தி, குடிநீர் இயந்திரமோ மின்விசிறியோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இந்தக் கொடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டியது. பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2024-இல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. மின்விசிறி நல்லது. அதைவிட அதிகமாக அவர்களால் தர முடிந்த ஒன்று உண்டு. வேலைக்குப் போய்விட்ட பையனின் வீட்டு வாசலில் நின்று, "நானும் இந்த ஸ்கூல்தான்டா, நடுவுல நின்னவன்தான், வா" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னால் அறிவுரை. அதே தெரு அண்ணன் சொன்னால் அழைப்பு.

இரண்டாம் முறை கூப்பிடும் குரல்

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. பள்ளி திறக்கும் முதல் பத்து நாட்களை, வராதவர்களைத் தேடும் பத்து நாட்களாக ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் அறிவிக்கலாம். மீனவர் தெருக்களில் இந்தத் தேடல் தடைக்காலம் முடிந்த வாரத்தில் இன்னொரு முறை நடக்க வேண்டும். தடைக்கால நிவாரணம் பள்ளி திறப்புக்கு முன்பே கைக்கு வந்து சேர்வதை இரண்டு துறைகளும் சேர்ந்து உறுதி செய்யலாம். ஒரு மாதம் கழித்து வரும் பிள்ளையிடம் 'இத்தனை நாள் எங்கே போனாய்' என்ற கேள்வியை எல்லார் முன்னிலையிலும் கேட்காமல் இருக்கலாம். காலை உணவை உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு அணி, ஒரு மைதானம் வேண்டும். மைதானம் இல்லாத பள்ளிக்கு ஒரு கேரம் பலகையாவது வேண்டும். எண்ணூரில், திருவொற்றியூரில் பள்ளியைச் சுற்றியுள்ள காற்றை அளந்து அந்த அளவைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் தினமும் எழுதலாம். பிள்ளை மூச்சை நம்பி உள்ளே வருகிறது. அந்த நம்பிக்கைக்குப் பள்ளி மட்டுமல்ல, சுற்றியுள்ள ஆலைகளும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பையன் வருவான். முழங்கையில் கிரீஸ் கறை முழுதாகப் போயிருக்காது. கால்சட்டை மடிப்பு பிரிக்கப்பட்டு, கணுக்காலுக்கு மேலே அந்தக் கோடு இருக்கும். கடைசி பெஞ்சில் அவனுக்கு ஒரு சாண் இடம் ஒதுக்கி நகர்ந்து உட்கார்வார்கள். வருகைப் பதிவில் அவன் பெயர் வரும்போது வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். அவன் சொல்வதற்குள் பக்கத்திலிருப்பவன் முந்திக்கொண்டு கத்துவான்: "வந்துட்டான் மிஸ்!"